மூடிப்போன கம்பெனி மேல் பெருமாள்சாமி போட்ட வழக்கு

கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வைத்து, புதிதாகக் கருப்புக் கோட்டு மாட்டியிருக்கும் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், கலைச்சுட்ட கம்பெனி மேல கேஸ் போட்டா நிக்குமா?"

சட்டப்படி இதற்குப் பதில் இரண்டே வரி. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் நிற்காது. அனுமதி வாங்கி ஜெயித்தாலும் கைக்கு எதுவும் வருவது சந்தேகம். இதைச் சொல்லிவிட்டு நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியோடு பெருமாள்சாமியும் நினைவில் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். அவர் கதையைச் சொல்லாமல் அந்த இரண்டு வரியை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. தொழிலை விட்டு வீட்டில் இருக்கிறவளுக்கு நேரமும் நிறைய இருக்கிறது. ஆகவே கேளுங்கள்.

பெருமாள்சாமி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். வாரம் முழுக்க மலையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடியில் வீடு. மனைவி அன்னக்கொடி, ஒரே மகள் மகேஸ்வரி. மகேஸ்வரி தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. ஏலக்காய் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், தானும் சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. போடி வீட்டின் பத்திரத்தை ஒரு தனியார் அடமானக் கம்பெனியிடம் வைத்துக் கடன் வாங்கினார். கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை.

அடுத்த வருஷமே விலை விழுந்தது. குத்தகை கையைக் கடித்தது. விட்டுவிட்டு மறுபடியும் சூப்பர்வைசர் சோலிக்கே போனார். ஆனால் கடனை விடவில்லை. சம்பளத்திலிருந்து, அன்னக்கொடி ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்க் கொண்டுவந்த கூலியிலிருந்து, கடைசியில் அவள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றியும், வட்டியோடு முழுசாகக் கட்டி முடித்தார். ரசீதெல்லாம் ஒழுங்காக இருந்தன. அதில் எந்தச் சந்தேகமும் எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கட்டி முடித்தவர் பத்திரத்தைக் கேட்டார். தேனிக் கிளையில் "மேலிடத்துல இருந்து வரணும்" என்றார்கள். வரும் வரும் என்று இவர் காத்திருந்தபோது, பத்திரத்துக்குப் பதிலாக இரண்டு பேர் பெயிண்டு டப்பாவோடு வந்தார்கள். கிளையில் கட்டின கடைசித் தவணைகள் தலைமை அலுவலகத்துக் கணக்கில் ஏறவே இல்லை. அவர் அப்போது மலையில் இருந்தார். அன்னக்கொடி ரசீதுகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து காட்டியிருக்கிறாள். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை போலிருக்கிறது. "எங்களுக்குச் சொன்னத நாங்க செய்றோம் ஆத்தா, நீங்க ஆபீசுல போய்ப் பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்த சுவரில், கடன் கட்டத் தவறியவர் என்று அவர் பெயரைப் போட்டு, இந்த வீடு எங்கள் கம்பெனியின் அடமானத்தில் இருக்கிறது என்று ஆளுயரத்துக்குச் சிவப்பில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மாதம்தான் மகேஸ்வரிக்குச் சின்னமனூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரை நிச்சயம் செய்யத் தேதி குறித்திருந்தார்கள். அந்தச் சம்மந்தம் நின்றுபோனது.

பெருமாள்சாமி மலையிலிருந்து இறங்கிவந்து சுவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியோடு வந்து, "அண்ணே, நான் அடிச்சு விட்டுர்றேன், நீங்க உள்ள போங்க" என்றிருக்கிறார். இவர் தடுத்துவிட்டார். "தொடாத மாப்ளே. எழுதுனவன் வந்து அழிக்கணும்."

எழுதினவன் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தோட்டத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய்க் கம்பெனிக் கிளையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். மேனேஜர் மாறினார். இன்னொருத்தர் வந்தார். ஒரு திங்கட்கிழமை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் "அவுக காலி பண்ணிட்டாக" என்று சொன்னாராம்.

இதற்கிடையில் அன்னக்கொடிக்கு நெஞ்சுவலி வந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரி, மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். அந்தக் காரியங்கள் முடிந்த பிறகுதான் பெருமாள்சாமி என்னிடம் வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் அவர் சொன்ன வார்த்தை இதுதான்:

"பாடைய அந்த எழுத்துக்கு முன்னாடிதான் வச்சாக, வக்கீலம்மா. வந்தவுக எல்லாம் அவ மொகத்தப் பாத்துட்டு, நிமிந்து செவுத்தப் பாத்தாக."

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

"பத்திரம் வாங்கிக் குடுத்துருவோம். நஷ்டஈடும் கேப்போம்," என்றேன்.

"ரூவா எனக்கு வேணாம். அந்தக் கம்பெனிக்காரன் ஒருத்தன் கூண்டுல ஏறி நிக்கணும். நீங்க கேக்கணும். 'இந்த ஆளு கட்டுனாரா இல்லையா?' அவன் வாயால கட்டுனாருன்னு சொல்லணும். அது போதும்."

கட்சிக்காரர் என்ன கேட்கிறார் என்பதும் பிராதில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதும் பல சமயம் வேறு வேறு. சட்டத்துக்குப் பரிகாரம் வேண்டும். பணமாகவோ, பத்திரமாகவோ, தடையுத்தரவாகவோ. "அவன் வாயால சொல்லணும்" என்பதற்கு ஸ்டாம்ப் ஒட்ட முடியாது. அதனால் கடன் தீர்ந்தது என்று கோர்ட்டே அறிவிக்கும் விளம்புகை, பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும், மானநஷ்டத்துக்கு இழப்பீடு என்று எழுதினேன். மானநஷ்டம் என்ற இடம் வந்ததும் அவர் மகளின் சம்மந்தம் நின்றதையும் சேர்க்கச் சொன்னார்.

"பாப்பாகிட்ட கேட்டீகளா?" என்றேன்.

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது? ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்திருப்பது வேறு, கோர்ட்டில் வாசிப்பது வேறு. மகேஸ்வரியை வரச்சொல்லி நானே கேட்டேன். டியூட்டி முடித்து வந்திருந்தாள். அப்போதே முப்பதைத் தாண்டியிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். தட்டச்சுப் பிரதியை வாசித்தாள். அந்தப் பத்தி வந்ததும் விரலை வைத்துக்கொண்டு, "இது வேண்டாம் மேடம்," என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன். பெருமாள்சாமி என்னிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருவர் வழக்குக்குள் இன்னொருவர் வாழ்க்கையை எழுத நேரும்போது அந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்பா பிள்ளையாக இருந்தாலும் சரி.

வழக்குக்கு நம்பர் ஆனது. நோட்டீஸ் போனது. கம்பெனிக்காக ஒரு வக்கீல் வந்தார். பதிலுரை கொண்டுவந்திருப்பார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் ஒரே ஒரு பக்கத்தை ஜட்ஜிடம் நீட்டினார். கம்பெனியைக் கலைக்கச் சொல்லிச் சென்னைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது. லிக்விடேட்டர் ஒருவரை நியமித்தாகிவிட்டது. ஆகவே இந்த வழக்கு மேற்கொண்டு நடக்கக்கூடாது. ஜட்ஜ் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வழக்கு நின்றுபோனது.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பெருமாள்சாமிக்கு இதை விளங்கச் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கும் இதே வேலை வரும். நான் இப்படிச் சொன்னேன்: "ஒரு ஆளு ஏகப்பட்ட கடனோட செத்துப்போனா என்ன செய்வாக? ஒரு பொது ஆளை வச்சு, இருக்கிற சொத்தைத் திரட்டி, வரிசைப்படி பிரிச்சுக் குடுப்பாக. ஆளாளுக்குத் தனித்தனியா வந்து பிடிச்சு இழுக்கக்கூடாதுன்னு தடுத்து வச்சிருப்பாக. அந்தப் பொது ஆளுதான் லிக்விடேட்டர்."

"அப்பச் செத்தவன் மேல கோவப்படக்கூடாதுங்கறீக," என்றார்.

"கோவப்படலாம். கூண்டுல ஏத்த முடியாதுங்கறேன். தீர்ப்பாயத்துல அனுமதி கேட்டுப் பாப்போம்."

அனுமதி கேட்க இன்னொரு அவசரமும் வந்து சேர்ந்தது. அதற்குள் லிக்விடேட்டரிடமிருந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கம்பெனிக் கணக்கில் இன்னும் பாக்கி நிற்கிறது, கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடுவோம் என்று. செத்துப்போன பிறகும் கம்பெனி இவரை விடவில்லை. வழக்கை நடத்த அனுமதி வேண்டும், இந்தப் பாக்கி பொய், ஏலத்தை நிறுத்தவேண்டும் என்று சென்னையில் மனுப் போட்டேன்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் போயிருந்தேன். மகேஸ்வரி டியூட்டியில் இருந்தாள். பெருமாள்சாமி மலையில், காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் சமயம், அந்தத் தோட்டத்தில் டவரும் கிடைக்காது.

நம் மனு கூப்பிடுமுன்னே லிக்விடேட்டரின் வக்கீல் வராந்தாவில் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். என் பிள்ளை வயசு. மரியாதையாகவே பேசினார்.

"மேடம், ரசீதெல்லாம் பாத்துட்டோம். உங்க ஆள் கட்டியிருக்காரு. தப்பு கம்பெனி மேலதான். பாக்கி இல்லைன்னு எழுதிக் குடுத்து, பத்திரத்தையும் குடுத்துர்றோம். ஆனா போடியில இருக்கிற வழக்கை வாபஸ் வாங்கணும், நஷ்டஈடு கேக்கிறதையும் விட்டுடணும். ஒவ்வொருத்தருக்கும் வழக்கு நடத்திக்கிட்டிருந்தா, டெபாசிட் போட்ட வயசானவங்களுக்குக் குடுக்க ஒண்ணும் மிஞ்சாது."

"நஷ்டஈட்டு வழக்கு மட்டும் தனியா இருக்கட்டும், பத்திரத்தைக் குடுங்க," என்றேன்.

"முடியாது மேடம். ரெண்டும் சேந்துதான். இன்னொண்ணு, செவ்வாய்க்கிழமை இந்தக் கடனையெல்லாம் மொத்தமா ஒரு பெரிய கம்பெனிக்கு வித்து கையெழுத்துப் போடுறோம். உங்க ஆள் கடனும் அந்தக் கட்டுல போயிருச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க அவங்களோடதான் மல்லுக்கட்டணும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். புதுக் கம்பெனி வாங்கிவிட்டால் முதல் படியிலிருந்து ஏறவேண்டும். அதுவரை வீடு தப்புமா என்பது நிச்சயமில்லை.

மகேஸ்வரிக்குப் போன் போட்டேன். வார்டிலிருந்து வெளியே வந்து பேசினாள். "சரின்னு சொல்லிருங்க மேடம். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீ கட்சிக்காரி இல்லையேம்மா."

"ஆமா மேடம், இல்ல," என்றாள்.

மனுவைக் கூப்பிட்டார்கள். தீர்ப்பாய உறுப்பினர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "நியாயமாத்தானே சொல்றாங்க? ஏத்துக்கிறீங்களா?" என்றார்.

என் கையில் வக்காலத்து இருந்தது. நீங்கள் எல்லோரும் அச்சடித்து வாங்கி வைத்திருக்கும் அதே தாள்தான். கட்சிக்காரருக்காகச் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் வக்கீலுக்கு உண்டு என்று அதில் ஒரு வரி இருக்கும். பெருமாள்சாமி அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருந்தார். "சரி" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிவிடும். சொல்லாமல் விட்டு, வீடு போனால் அந்தப் பழி என் தலையில். எனக்கு எது நல்லதென்று தெரிந்தது. அவர் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "எது வேணா செய்யுங்க வக்கீலம்மா. வழக்க விட்டுட்டேன்னு மட்டும் என்னையக் கேக்காம சொல்லிராதீக."

"என் கட்சிக்காரரை நேர்ல கேட்டுட்டுச் சொல்றேன் ஐயா. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் வேணும்," என்றேன்.

"வக்காலத்துல அதிகாரம் இருக்கே?"

"இருக்குங்கய்யா. வேண்டாம்னு வாயால சொல்லியிருக்காரு."

அவருக்கு எரிச்சல்தான். நானாக இருந்தாலும் எரிச்சல் பட்டிருப்பேன். ஆனாலும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை காலையில் போடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மகேஸ்வரி லீவு சொல்லிவிட்டு வந்து நின்றிருந்தாள். இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏறினோம். காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முந்தாநாள் யாரோ ஒருத்தி புருசனோடு சண்டை போட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மகேஸ்வரி சிரிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெரியும் ஊரையே பார்த்துக்கொண்டு வந்தாள். செக்போஸ்டு தாண்டியதும் மூடுபனி. தோட்டத்து கேட்டில் இருந்த காவல்காரர், "சூப்பர்வைசர் சேட்டன் ஸ்டோரில் உண்டு," என்று மலையாளத்தில் சொல்லிக் கைகாட்டினார்.

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். உள்ளே சூடும் வாசனையும் மூக்கைக் கரித்தன. பெருமாள்சாமி தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வீடு போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார்.

வெளியே ஒரு திண்ணையில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இரண்டு பக்கத்து ஆபத்தையும் சொன்னேன். என் அபிப்பிராயம் என்ன என்று அவர் கேட்டபோது அதையும் சொன்னேன்: "வாங்கிக்கங்க. ஆனா சொல்லவேண்டியது நீங்கதான்."

"விட மாட்டேன்," என்றார். குரல் உயரவில்லை. "வீடு போனாப் போகட்டும். வாடகைக்கு இருந்துக்கிறேன். அந்தச் செவுத்தால எம்புள்ள வாழ்க்க போச்சு. அவ ஆத்தா அதுலயே கருகிச் செத்தா. பாக்கியில்லன்னு ஒரு தாளக் குடுத்தா நான் வாயப் பொத்திக்கிறணுமா? இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மகேஸ்வரி அவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் பதில் சொல்ல வேணாம்ப்பா."

"நீ சும்மா இரு ஆத்தா. ஒனக்குத் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும்." கீழே குந்தி, அவர் முழங்காலில் கையை வைத்தாள். "அவுக நிறுத்தலப்பா. நான்தான் வேணாம்னேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எழுதிட்டுப் போன மறுநா அந்த மாப்பிள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. கல்யாணத்த நிறுத்தணும்னு வரல. 'ஊருல என்னமோ பேசிக்கிறாக, உங்கப்பா கட்டிருவாரா? இல்ல, கல்யாணத்துக்கு அப்புறம் அது எங்க தலையில வந்து விழுமா?'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நான், 'எங்கப்பா கட்டி முடிச்சு ரொம்ப நாளாச்சு. அவர இப்படிக் கேக்குற வீட்டுக்கு நான் வரல'ன்னு சொல்லிட்டேன். அவுக வீட்டுல ரெண்டு தடவ ஆள் விட்டுக் கேட்டாக. நான்தான் முடியாதுன்னேன்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஒங்காத்தாவுக்கு?" என்றார் பெருமாள்சாமி.

"தெரியும். நீங்க கோவப்படுவீகன்னு சொல்லவேணாம்னுச்சு. 'வந்த சம்மந்தத்த எனக்காகத் தொலச்சுட்டாளே'ன்னு ஒங்க மனசு ஒடஞ்சுரும்னுச்சு. கொஞ்ச நா போகட்டும், பக்குவமாச் சொல்லுவோம்னுச்சு. அப்புறம் நீங்க ஆபீசு ஆபீசா அலைய ஆரம்பிச்சுட்டீக. அப்புறம் அதுவும் போயிருச்சு. நானாச் சொல்ல வாய் வரலப்பா."

அவருக்காகத்தான் அவர்கள் மறைத்தார்கள். அவர்களுக்காகத்தான் அவர் இத்தனை காலம் அலைந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்ததில் வருஷங்கள் போய்விட்டன. என் முப்பத்தைந்து வருஷத் தொழிலில் அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லை. துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்கியது. மகள் அவர் முழங்காலை விடவில்லை. நான் எழுந்து ஏலச்செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றேன். வக்கீல் இருக்கக்கூடாத இடங்கள் சில உண்டு.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைக் கழுவியிருந்தார்.

"பத்திரத்த வாங்கிருங்க வக்கீலம்மா. ஆனா தோத்துப்போனேன்னு எழுதாதீக."

"தோக்கலையே. நீங்களா வாபஸ் வாங்குறீக. அப்படித்தான் எழுதுவேன்."

"வெரசாப் போங்க அப்ப. திங்கக்கிழமையின்னீகளே."

திங்கட்கிழமை உத்தரவானது. அந்த வாரமே மகேஸ்வரி ஆள் பிடித்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை, கூட நின்று பார்க்கவும் இல்லை என்று அவள் சொன்னாள்.

பத்திரத்தை மதுரையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். லிக்விடேட்டர் அங்கே ஒரு வாடகைக் கட்டடத்தில் தற்காலிகமாக அலுவலகம் போட்டிருந்தார். நானும் பெருமாள்சாமியும் போடியிலிருந்து ரயிலில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வழக்குத்தான் இல்லன்னு ஆயிருச்சு. அங்க கம்பெனிக்காரன் எவனாச்சும் இருப்பான்ல? ஒரு வார்த்த கேட்டுக்கிறட்டா? சண்ட போட மாட்டேன்."

"என்ன கேப்பீக?"

அவர் தயாராக வைத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர் சீட்டில் அந்தக் கம்பெனிக்காரன் உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார்: "ஐயா, எம் பேரு பெருமாள்சாமி. நான் வாங்குன கடன வட்டியோட கட்டுனவன். எம்பொண்டாட்டி கழுத்துல கெடந்ததக் கழத்திக் கட்டுனவன். நீங்க எங்க வீட்டுச் செவுத்துல எழுதுனீக. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வீட்டுக்குள்ள வந்து எங்களக் கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பீக?"

"கேளுங்க," என்றேன்.

அந்த அலுவலகத்தின் படியெல்லாம் ஆட்கள். பத்திரம் வாங்க வந்தவர்கள், டெபாசிட் போட்டு ஏமாந்தவர்கள், என்ன ஏது என்று தெரியாமல் வந்தவர்கள். ஒரு அம்மாள் பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். எங்கள் முறை வர மூன்று மணியைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒரு மேஜை. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கம்பெனியை அவள் உயிரோடு பார்த்ததுகூட இல்லை. காலையிலிருந்து எத்தனை பேரின் வசவைக் கேட்டாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் தலை நிமிராமல் பதில் சொன்னாள். கையெழுத்து வாங்கினாள். உறையைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தாள்.

பெருமாள்சாமி உறையைப் பிரித்து, தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "கம்பெனிக்காரங்க யாராச்சும் இருக்காகளாம்மா?" என்றார்.

"யாருமே இல்லங்கய்யா. பழைய ஆளுங்க எல்லாரும் எப்பவோ போயிட்டாங்க. நான் மட்டும்தான்." சொல்லிவிட்டு, அடுத்து வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராகிறவள்போல நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். ரயிலில் உட்கார்ந்ததுபோலவே நிமிர்ந்தார். அவளிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. கேட்காமல் இருக்கும்படி சொல்ல எனக்கும் உரிமை இல்லை.

அவர் பார்வை மேஜை ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு டிபன் பாக்ஸ், போட்ட ரப்பர் பேண்டு போட்டபடி இருந்தது.

"சாப்பிடலையா ஆத்தா?" என்றார்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "வெளிய ஆளுங்க நிக்கிறாங்களே ஐயா."

"நிப்பாக. நீ மொதல்ல சாப்பிடு."

உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைத் தன் கையால் சாத்தினார். படியில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கம்பெனி ஆள் என்றே நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"பிள்ள இன்னும் சாப்பிடலப்பா," என்றார் பெருமாள்சாமி. "கொஞ்சம் பொறுங்க."

பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாள், "சாப்பிடட்டும், சாப்பிடட்டும்," என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்தாள்.